மாயிங்லோங் கஸ்தூரி மூலக் களிம்பு: எதற்குப் பயன், எதற்கு ஆதாரம்

சீனாவின் நகரத்து மருந்துக்கடைகளில் மூலநோய் மருந்துகள் அடுக்கியிருக்கும் தட்டில் பெரும்பாலும் கண்ணுக்கு நேராக வைக்கப்பட்டிருப்பது மாயிங்லோங் கஸ்தூரி மூலக் களிம்புதான். மருத்துவர் சீட்டு இல்லாமலேயே கிடைக்கும்; விலையும் கையைக் கடிக்காது. இணையக் கடைகள் வந்தபின் சீனாவுக்கு வெளியே வாழ்வோரும் அதைத் தேடி வாங்குகிறார்கள். மூலம் என்பது வீட்டாரிடம்கூட வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய் என்பதாலோ என்னவோ, இதற்கு மதிப்புரை எழுதுவோர் பலரும் ‘பூசினேன், சரியாகிவிட்டது’ என்ற அளவில் முடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எதனால் சரியாயிற்று, களிம்பில் உள்ள எந்தச் சரக்கு அந்த வேலையைச் செய்தது, பூசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விகளுக்கு அந்த ஒற்றை வரியில் இடமில்லை. குவாங்சோவில் வாங்கிய 10 கிராம் குழாயைப் பயன்படுத்திப் பார்த்ததோடு, ஆசனவாய் நோய்களுக்கான சீன மருந்துகள் குறித்து வெளிவந்துள்ள ஆய்வுகளையும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் மருத்துவத் தொழிலில் இருப்பவனல்லன். மூலத்தால் அவ்வப்போது அவதிப்படுபவன், அவ்வளவே.

முதலில் பொருளைப் பற்றி. அட்டைப்பெட்டிக்குள் ஒரு குழாயும், அதன் வாயில் திருகிப் பொருத்திக்கொள்ளும் நெகிழி முனைகளும், பொடி எழுத்தில் அச்சிட்ட விளக்கத்தாளும் இருக்கின்றன. களிம்பின் நிறத்தை விளக்கத்தாள் வெளிர் சாம்பல் கலந்த மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு என்கிறது. எனக்குக் கிடைத்தது மஞ்சள் பக்கம் சாய்ந்தது. மூடியைத் திறந்தவுடன் கற்பூரத்தை நினைவூட்டும் ஒரு மணம் மூக்கில் ஏறுகிறது. கஸ்தூரியின் மணத்தை அதிலிருந்து பிரித்தறிய என்னால் முடியவில்லை. வாசலின், கம்பளிக் கொழுப்பு ஆகியவற்றை அடிப்பொருளாகக் கொண்டதால் களிம்பு நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்தால் உள்ளாடையில் எண்ணெய்க் கறை படியும், சோப்பு போட்டாலும் எளிதில் போகாது. இரவில் பூசிக்கொள்வோர் பழைய துணி ஒன்றை ஒதுக்கிவைத்துக்கொள்வது நல்லது.

நெகிழி முனையைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். உள்மூலத்துக்கு மருந்தை உள்ளே செலுத்துவதற்காகத்தான் அதைத் தருகிறார்கள். ஆனால் வீங்கிய, புண்பட்ட இடத்தில் நெகிழியின் விளிம்பு உராயும்போது மருந்து தரும் ஆறுதலைவிட முனை தரும் வலி முந்திக்கொள்கிறது. முனையின் வெளிப்புறத்திலும் களிம்பைத் தடவிக்கொண்டு மெதுவாகச் செலுத்தினால் சமாளிக்கலாம். ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்கள் முனையைத் தொடவே வேண்டாம். கழுவிய விரலால் வெளியில் பூசுவதே போதும்.

இந்த நிறுவனத்தின் வரலாறு மூலத்தில் தொடங்கவில்லை, கண்ணில் தொடங்குகிறது. மிங் அரசர்கள் காலத்தில், 1582ஆம் ஆண்டில், ஹெபெய் மாகாணத்துத் திங்சோ ஊரில் மா என்னும் குடும்பத்தார் கண்ணுக்கு மருந்து செய்து விற்கத் தொடங்கியதாக நிறுவனம் சொல்கிறது. அந்த வழியில் வந்த மா யிங்லோங் என்பவரின் பெயரே மருந்தின் பெயராயிற்று. தொழில் பிறகு பெய்ஜிங்குக்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊஹானுக்கும் பெயர்ந்தது. அந்தக் கண்மருந்தைச் செய்யும் முறையைச் சீன அரசு தன் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கண் களிம்பை மூலத்துக்குப் பூசிக் குணம் கண்டவர்கள் சொன்னதைக் கேட்டே 1980களில் மூலக் களிம்பு உருவானது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஊஹானின் அந்தத் தொழிற்சாலை 2004இல் ஷாங்காய் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இன்று ஆசனவாய் நோய் மருந்து என்றாலே சீனர்களுக்கு நினைவுக்கு வரும் பெயர் அதுதான். அண்மைக் காலத்தில் சில இளைஞர்கள் எதிர்த்திசையில் போய், மூலக் களிம்பைக் கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்குப் பூசும் விபரீதமும் இணையத்தில் நடந்தது. அதற்கு இந்தக் களிம்பு தயாரிக்கப்படவில்லை என்று சொல்வதோடு அதை விட்டுவிடுகிறேன்.

சரக்குகளின் பட்டியலைப் படிக்கும் தமிழருக்கு அது அந்நியமாகவே தோன்றாது. செயற்கைக் கஸ்தூரி, செயற்கைக் கோரோசனை, முத்து, அம்பர் என்னும் புதைந்து இறுகிய மரப்பிசின், வெங்காரம், போர்னியோல், புடம்போட்ட கலமைன் ஆகிய ஏழும் இதில் சேர்கின்றன. கஸ்தூரியும் கோரோசனையும் முத்தும் வெங்காரமும் நம் நாட்டு மருந்துக்கடை டப்பாக்களிலும் உள்ளவைதான். சீன மருத்துவ மொழியில் இந்த யோகத்தின், அதாவது சரக்குக் கூட்டின், வேலை, சூட்டைத் தணித்து ஈரத்தை உலர்த்துவது, இரத்த ஓட்டத்தைத் தூண்டி வீக்கத்தை வடியச் செய்வது, அழுகியதை நீக்கிப் புதுச் சதையை வளர்ப்பது. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மருந்தைச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு சரக்காக எடுத்துப் பார்த்தால் ஓரளவு முடியும்.

கலமைனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெட்டியின் மேல் பெயர் இல்லாத இதுதான் களிம்பின் உழைப்பாளி என்பது என் கணிப்பு. கலமைன் துத்தநாகத் தாது. புடம் போட்டால் துத்தநாக ஆக்சைடாக மாறுகிறது. குழந்தைகளின் அரைப்புண்ணுக்குப் பூசும் வெள்ளைக் களிம்புகளில் இருப்பதும் இதே பொருள்தான். ஈரத்தை உறிஞ்சி, தோலின் மேல் ஒரு படலமாக நின்று, மலமும் கசிவும் புண்ணைத் தொடாமல் காக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1990இல் மூலநோய்ப் பூச்சு மருந்துகளுக்கான விதிகளை இறுதி செய்தபோது, பாதுகாப்புப் பூச்சாக அனுமதித்தவற்றில் கலமைனும் துத்தநாக ஆக்சைடும் உண்டு. வாசலினும் கம்பளிக் கொழுப்பும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆக, களிம்பின் அடிப்பொருளும் ஒரு சரக்கும் சேர்ந்தே, எந்த நாட்டு மருந்தாளரும் ஏற்றுக்கொள்ளும் ஒரு மூலப்பூச்சாகிவிடுகின்றன.

அடுத்தது போர்னியோல். கற்பூரத்துக்கு நெருங்கிய உறவுள்ள இந்தப் பொருள்தான் பூசியவுடன் உணரும் குளிர்ச்சிக்குக் காரணம். அந்தக் குளிர்ச்சி மனப்பிரமை அன்று. தோலிலுள்ள நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஏற்பியை அது தூண்டுகிறது. அந்த வழியாக வலியும் மட்டுப்படுகிறது. அறுவைக்குப் பிந்தைய வலியுள்ள 122 நோயாளிகளிடம், யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத வெற்றுப்பூச்சு என்பது இரு தரப்புக்கும் தெரியாத வகையில் சீனாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஒரு சோதனையில், போர்னியோல் பூசியவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. அது மூலத்தில் நடத்திய சோதனை இல்லை. ஆனாலும் ஏழு சரக்குகளில் வலி தணிப்பதற்கு மனிதரிடம் நேர்மையாகச் சோதித்த சான்றாக நான் கண்டது இந்த ஒன்றுதான். வெடிப்பின் மேல் நேரடியாகப் படும்போது அதே போர்னியோல் முதலில் நன்றாக எரியும். குளிர்ச்சி அதற்குப் பிறகே வரும்.

கஸ்தூரி என்று பெயரிலேயே விளம்பரம் செய்யப்படும் சரக்குக்கு வருவோம். ஆண் கஸ்தூரி மானின் வயிற்றடிச் சுரப்பியிலிருந்து எடுக்கும் பொருள் அது. வேட்டையால் மான் அருகிப்போனதால் பன்னாட்டு வணிகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்டது. இந்தியா, நேபாளம் உள்ளிட்ட இமயமலைப் பகுதி மான்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (CITES) வணிகமே கூடாத முதல் பட்டியலில் உள்ளன. செயற்கைக் கஸ்தூரி சீனாவில் 1994இல் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. இந்தக் குழாயில் இருப்பதாகத் தாள் சொல்வதும் அதுதான் என்பதால், மானின் உயிரை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கஸ்தூரி மூலத்துக்கு என்ன செய்கிறது? அதன் மணத்துக்குக் காரணமான மஸ்கோன் என்னும் வேதிப்பொருள் விலங்குகளிடத்தில் அழற்சியைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. கஸ்தூரி சேர்த்த களிம்பு, சேர்க்காத களிம்பு என்று இரண்டைச் செய்து மூலநோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். அப்படி ஒரு சோதனை என் பார்வைக்குச் சிக்கவில்லை. கோரோசனை, முத்து, அம்பர் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்.

வெங்காரம் மட்டும் வேறு வகை, அது போரான் சேர்ந்த உப்பு. அதன் வேலை கிருமித் தடுப்பு என்பார்கள். அதில் வலிமை சொற்பம். புண்படாத தோலின் வழியே போரான் சேர்மங்கள் உடலுக்குள் அதிகம் போவதில்லை, புண்பட்ட தோலின் வழியே போகும். ஒரு காலத்தில் போரிக் அமிலப் பொடியைக் குழந்தைகளின் புண்பட்ட தொடைகளில் தூவி உயிரிழப்பு வரை போனதுண்டு; ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சேர்மங்களை இனப்பெருக்கத்துக்குத் தீங்கானவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. வளர்ந்தவர் ஒருவர் பட்டாணி அளவு களிம்பைச் சில நாட்கள் பூசுவதால் ஆபத்து வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. மாதக்கணக்கில் பூச வேண்டாம், குழந்தைகளுக்குப் பூசவே வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இனி, பூசிப் பார்த்ததில் கண்டது. வெளிமூலம் வீங்கி உட்காரச் சிரமப்பட்ட வேளையில், வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துப் பூசிய சிறிது நேரத்துக்குள் அரிப்பும் எரிச்சலும் அடங்கின. மலம் கழிக்கும்போது உராய்வு குறைந்தது. வீக்கம் வடிய அதற்குரிய காலம் எடுத்துக்கொண்டது. இரவுத் தூக்கம் கெடாமல் இருந்தது என்பதையே பெரிய நன்மையாகச் சொல்வேன். மூலத்தின் உருவத்தில் எந்த மாற்றமும் இல்லை. வெளியே தள்ளிய சதை களிம்பால் உள்ளே போவதில்லை, போகவும் போகாது. காசு கொடுத்து வாங்கியது வீண் என்ற எண்ணம் எனக்கு எழவில்லை.

ஆனால் இந்த அனுபவம் சான்றாகாது. மூலத்தின் இயல்பே வந்து வருத்திவிட்டுத் தானாகத் தணிவது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள்; உச்சத்துக்குப் பிறகு வருவது இறக்கம்தானே. மருந்து பூசியதால் இறங்கியதா, இறங்க வேண்டிய வேளையில் மருந்து பூசப்பட்டதா என்பதை ஒரே ஆள் ஒரே உடம்பில் பிரித்தறிய வழியில்லை. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஆசனவாய் வெடிப்பைப் பற்றி வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நைட்ரோகிளிசரின் களிம்பு பூசியவர்களில் 48.9 சதவீதத்தினருக்கு வெடிப்பு ஆறியது; வெற்றுப்பூச்சு முதலிய ஒப்பீட்டுக் குழுவினரிலோ 35.5 சதவீதத்தினருக்கு ஆறிவிட்டது. மூவரில் ஒருவருக்கு மேல் மருந்தே இல்லாமல் குணமாகும் நோயில், யார் எதைப் பூசினாலும் பாராட்டு மதிப்புரைகள் குவியும்.

இதனால்தான் ஒப்பீட்டுச் சோதனைகள் தேவைப்படுகின்றன. சீன மருந்துகளுக்கு அவை இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கின்றன. சிக்கல் அவற்றின் தரத்தில் இருக்கிறது. மூல இரத்தக் கசிவை நிறுத்தும் சீன மூலிகைகள் பற்றிக் காக்ரேன் அமைப்பு 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 1,822 நோயாளிகள் பங்கேற்ற 9 சோதனைகளை எடுத்துக்கொண்டது. சில மூலிகை யோகங்கள் கசிவு, வீக்கம் போன்ற அறிகுறிகளைக் குறைப்பதாகத் தோன்றினாலும், சோதனைகள் பெரும்பாலும் தரம் குறைந்தவை என்பதால் உறுதியான முடிவுக்கு வர இயலாது என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த ஆய்வாளர்களும் சீனர்களே என்பதால், மேலை மருத்துவத்தின் காழ்ப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

தரம் குறைவு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சீன ஆய்வுக் கட்டுரைகளில் ‘மொத்தப் பயன் விகிதம்’ என்று ஓர் அளவு வரும். முழுக் குணம், நல்ல பயன், ஓரளவு பயன் ஆகிய மூன்று பிரிவினரையும் ஒன்றாகக் கூட்டி, பயனே இல்லாதவர்களை மட்டும் கழித்தால் கிடைக்கும் எண் அது. நோய் வகைப்பாட்டுக்கும் குணம் மதிப்பிடவும் சீன மரபு மருத்துவ நிர்வாகம் 1994இல் வகுத்த அளவுகோல்களை ஒட்டியே பல கட்டுரைகள் இந்தப் பிரிவுகளைச் செய்கின்றன. தானாகத் தணியும் நோயில் ‘ஓரளவு பயன்’ பெறாதவர் யார்? ஆகவே 90 சதவீதத்துக்கு மேல் பயன் என்ற எண்ணைப் பெட்டியிலோ விளம்பரத்திலோ கண்டால் அதற்கு இந்தப் பின்னணி உண்டு. ஒப்பீட்டுக்கு வெற்றுப்பூச்சை வைக்காமல் இன்னொரு சீன மருந்தையோ பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலையோ வைப்பதும் சாதாரணம். கற்பூர மணமும் குளிர்ச்சியும் உள்ள களிம்பை யார் பெற்றார் என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைப்பதும் கடினம்தான்.

குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்தோம் என்று எழுதுவதற்கும் உண்மையில் பிரிப்பதற்கும் உள்ள தூரத்தை 2009இல் வெளிவந்த ஒரு சீன ஆய்வு அளந்தது. 20 பொது நோய்களைப் பற்றிச் சீன இதழ்களில் வந்த சோதனைகளை எடுத்து, அவற்றில் 2,235 கட்டுரைகளின் ஆசிரியர்களை நேரடியாகக் கேட்டபோது, முறையான குலுக்கலைக் கடைப்பிடித்தவையாகத் தேறியவை 207 மட்டுமே. அந்தப் பட்டியலில் நவீன மருத்துவச் சோதனைகளும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தக் குறை சீன மருத்துவத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அதன்பின் பதிவு முறைகளும் கட்டுப்பாடுகளும் இறுகியிருக்கின்றன. ஆனால் மூலக் களிம்புகளுக்கு இன்று மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் பழையவை கணிசம்.

களிம்போடு சேர்த்துக் கடைக்காரர் அடிக்கடி எடுத்து நீட்டுவது ஹுவாய்ஜியாவ் வான் என்னும் கரிய மாத்திரை உருண்டைகள். பகோடா மரம் எனப்படும் சீன மரத்தின் காய், சாங்குயிசோர்பா வேர், ஸ்குட்டெல்லாரியா வேர், கசப்பு நாரத்தைக் காய், சீன ஆஞ்சலிகா, ஃபாங்ஃபெங் வேர் ஆகிய ஆறும் சேர்ந்த இந்த யோகம், சொங் வம்சத்து அரசு மருந்தகத்தின் தொகுப்பிலேயே இடம்பெற்ற பழமை உடையது. பகோடா மரத்தில் ருட்டின் என்னும் ஃபிளவனாய்டு வகைத் தாவரப்பொருள் மிகுதி. இதே குடும்பத்துப் பொருள்களைத் தூய்மைப்படுத்தி ஐரோப்பாவில் மூலத்துக்கு மாத்திரையாக விற்கிறார்கள். அவற்றைப் பற்றிய 2012ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வு அரிப்பு, இரத்தக் கசிவு, நீர்க்கசிவு ஆகியவை குறைவதாகவும், வலியில் தெளிவான வேறுபாடு இல்லை என்றும் சொன்னது. அந்தச் சான்றை இந்த உருண்டைக்கு அப்படியே மாற்றி எழுதிவிட முடியாது. அளவு வேறு, சேர்மானம் வேறு. ஸ்குட்டெல்லாரியாவால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவக் குறிப்புகள் உண்டு. ஆஞ்சலிகா, வார்ஃபாரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்ந்து கசிவைக் கூட்டலாம். இதய நோய்க்கு அத்தகைய மாத்திரை சாப்பிடும் மூத்தோருக்குத்தான் மூலமும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. களிம்புக்கு ஓரளவு மதிப்பெண் தரும் நான் இந்த உருண்டைக்குத் தரமாட்டேன்.

மூலிகைக் கஷாயத்தின் ஆவியைக் காட்டி, ஆறியபின் அதிலேயே உட்கார வைக்கும் முறையும் சீன மருத்துவமனைகளில், குறிப்பாக அறுவைக்குப் பிறகு, வழக்கில் இருக்கிறது. உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தில் வெந்நீரின் பங்கு எவ்வளவு, மூலிகையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாதவரை வெறும் வெந்நீரையே நம்பலாம். அதற்குச் செலவும் இல்லை.

சீன மரபிலிருந்து வந்து, ஒழுங்கான சோதனையைக் கடந்து நின்ற ஒன்று உண்டு. அது எந்த மூலிகைக் கடையிலும் கிடைக்காது. பழங்காலச் சீன அறுவையாளர்கள் மூலத்தைக் கருக வைக்க வெள்ளைப் பாடாணமும் படிகாரமும் சேர்த்த பொடியைப் பூசினார்கள், குச்சியாகத் திரித்துச் சொருகினார்கள். பாடாணம் ஆர்செனிக், மூலத்தோடு நோயாளிக்கும் நஞ்சேறியது. 20ஆம் நூற்றாண்டில் பாடாணத்தை விலக்கிய வடிவங்கள் வந்தன. பெய்ஜிங் குவாங்ஆன்மென் மருத்துவமனையின் ஷி ஜாவ்ச்சி 1970களில் படிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதனுடன் சீனப் பித்தக்காயின் துவர்ப்புச் சத்தான டானிக் அமிலத்தைச் சேர்த்து, ஊசி மருந்தாக மாற்றினார். சியாவ்ஜிலிங் என்பது அதன் பெயர். துவர்ப்பைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு உரைத்துப் புகட்டும் மாசிக்காயும் இதே இனத்துச் சரக்குதான், மரம்தான் வேறு. படிகாரம் மூலத்துக்குள் ஓர் அழற்சியைக் கிளப்பித் தழும்பை உண்டாக்குகிறது. அந்தத் தழும்பு தொங்கும் சதையை அடிச்சுவரோடு இறுகப் பிடித்துக்கொள்கிறது, இரத்த ஓட்டமும் குறைகிறது.

ஜப்பானியர்கள் இதை எடுத்துக்கொண்டு துணைப்பொருள்களை மாற்றியமைத்து, ஒரு மூலத்தில் நான்கு இடங்களில் ஊசி போடும் முறையை வரையறுத்து, 2005இல் சியோன் என்ற பெயரில் மிட்சுபிஷி நிறுவனத்தின் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அறுவையோடு ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரு மாத அளவில் வெளித்தள்ளல் மறைந்தது ஊசி போட்டவர்களில் 94 சதவீதம், அறுவை செய்துகொண்டவர்களில் 99 சதவீதம். ஓராண்டில் மீண்டும் வந்தது முறையே 16 சதவீதம், 2 சதவீதம். தோற்ற இடத்தில் தோற்றேன் என்று சொல்கிறது பாருங்கள், அதனால்தான் இந்த எண்களை நம்ப முடிகிறது. வலியும் வேலைக்குத் திரும்பும் காலமும் குறைவு என்பதற்காக, மீண்டும் வரும் வாய்ப்பைத் தெரிந்தே இந்த ஊசியைத் தேர்ந்தெடுக்க நோயாளிக்கு ஒரு வழி கிடைக்கிறது. காய்ச்சலும், தவறான ஆழத்தில் போட்டால் மலக்குடலில் புண்ணும் சுருக்கமும் வரலாம் என்பதால், பயிற்சி பெற்ற மருத்துவரே போட வேண்டும் என்ற விதியும் உண்டு. பித்தக்காயும் படிகாரமும் அளவு தெரிந்த வேதிப்பொருள்களாக மாறியபிறகே இதெல்லாம் சாத்தியமாயிற்று. கஸ்தூரிக் களிம்புக்கு இன்னும் யாரும் அந்தப் பாடு படவில்லை. படாமலே நன்றாக விற்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாங்கும் இடம் பற்றிக் கறாராக இருக்க வேண்டும். 2024இல் கலிபோர்னியாவில், வியட்நாமிலிருந்து வந்த ஒரு மூலக் களிம்பைப் பூசிய பெண் ஈய நஞ்சால் இறந்தார். அந்தக் களிம்பில் ஏறத்தாழ 4 சதவீதம் ஈயமே இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது சீன மருந்தும் இல்லை, நான் இங்கே பேசும் நிறுவனத்துக்கு அதில் தொடர்பும் இல்லை. ஆனால் பரிசோதனையே இல்லாமல் சமூக ஊடகம் வழியாகவும் உறவினர் கைப்பையிலும் வரும் மூலிகைக் களிம்புகள் எல்லாவற்றுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். சிங்கப்பூரில் சீன மருந்துப் பொருள்களில் ஆர்செனிக் பத்து லட்சத்தில் 5 பங்குக்கும் பாதரசம் 0.5 பங்குக்கும் மேல் இருக்கக் கூடாது. சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் உள்ள மருந்துப் பெட்டியில், சமர்ப்பிக்கப்பட்ட தகவலின் அடிப்படையில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது, நுகர்வோர் தம் விருப்பறிந்து பயன்படுத்துக என்ற பொருளில் ஒரு வாசகமும் இருக்கும். அந்த வாசகம் மருந்து வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, நஞ்சு பார்க்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே. மாயிங்லோங்கையும் சீனாவில் பதிவெண் உள்ள பெட்டியாக, அறிந்த மருந்துக்கடையில் வாங்குவதே முறை. அது புகழ்பெற்ற பெயர் என்பதால் போலிகளும் உண்டு.

விளக்கத்தாளின் எச்சரிக்கைகள், விளம்பரத்தைவிட நேர்மையாக இருக்கின்றன. கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. கஸ்தூரி கருப்பையைத் தூண்டும் என்பது சீன மரபின் நெடுநாள் எச்சரிக்கை, வெங்காரத்தையும் சேர்த்துப் பார்த்தால் தற்காலக் காரணமும் உண்டு. கர்ப்ப காலத்தில்தான் மூலம் அதிகம் வருத்தும் என்பதால் இந்த வரி முக்கியம். மது, புகை, காரம் விலக்கச் சொல்கிறது. மூன்று நாளில் குறையாவிட்டால் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறது. இரத்தம் அதிகமாகப் போனாலும், காரணம் தெரியாமல் போனாலும் உடனே போகச் சொல்கிறது. ஐம்பதை எட்டியவருக்கோ, குடும்பத்தில் குடல் புற்று உள்ளவருக்கோ மலத்தில் இரத்தம் கண்டால், அது மூல இரத்தம்தான் என்று தாமே முடிவுகட்டிக் களிம்பு பூசிக்கொண்டிருப்பது ஆபத்தான தாமதம். பவுத்திரத்துக்கு இந்தக் களிம்பால் எந்தப் பயனும் இல்லை. சீழ் வரும் துளை உள்ளே எங்கே போகிறது என்று பார்த்து அறுவையாளர் முடிவு செய்ய வேண்டிய நோய் அது.

இதே பணத்தில் வேறு என்ன கிடைக்கும் என்றும் பார்க்கலாம். துத்தநாக ஆக்சைடு களிம்பு இதைவிட மலிவு, மணமும் குளிர்ச்சியும் இருக்காது. மரப்புக்கு லிடோகைன் சேர்ந்த களிம்பு வலியை விரைவாக அடக்கும், சிலருக்கு ஒவ்வாமை தரும். எதைப் பூசினாலும், நார்ச்சத்தை விட்டுவிட்டால் மூலம் திரும்பி வரும். நார்ச்சத்தைக் கூட்டியதால் என்ன ஆகிறது என்று 378 பேரிடம் நடந்த 7 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், இரத்தக் கசிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதற்குக் கஸ்தூரியின் கவர்ச்சி இல்லை, சான்று மட்டும் கூடுதல்.

என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று. எரிச்சல், அரிப்பு, வெளிமூல வீக்கம் ஆகியவற்றுக்குச் சில நாள் ஆறுதல் தரும் பாதுகாப்புப் பூச்சாக இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு மதிப்பெண் கலமைனுக்கு, ஒன்று போர்னியோலுக்கு, ஒன்று சரக்குகளையும் எச்சரிக்கைகளையும் மறைக்காமல் அச்சிட்டதற்கு. கஸ்தூரிக்காக நான் எதுவும் தரவில்லை. இதே யோகத்தில் மலக்குடலுக்குள் வைக்கும் குளிகையும் விற்கிறார்கள். உள்மூலத்துக்கு நெகிழி முனையைவிட அது வசதி, ஆனால் உடல் சூட்டில் உருகுவதற்காகவே செய்த பொருள் என்பதால் நம் ஊர் வெயிலில் உறைக்குள்ளேயே குழைந்துவிடும். வாங்குவோர் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் வைத்து, உறையைப் பிரிக்குமுன் கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.